சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் கஷாயம் வைக்கும் முறை

குளிர்காலச் சளிக்குக் காரணம் வைரஸ். கஷாயம் அதைக் கொல்லாது. தொண்டை எரிச்சலையும் இருமலையும் கொஞ்சம் தணிக்கும். அதற்கும் கஷாயத்தைச் சரியாக வைக்க வேண்டும்.

கட்டைவிரல் நீளம் இஞ்சியைத் தோல் சீவி நன்றாக நசுக்குங்கள். வில்லையாக நறுக்கிப் போட்டால் பாதிச் சாறு உள்ளேயே நின்றுவிடும். அரை டீஸ்பூன் மிளகை ஒன்றிரண்டாகத் தட்டி, இரண்டையும் இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு துளசி இலைகளை அடுப்பை அணைத்த பிறகே போட்டு, 5 நிமிடம் மூடி வைக்கவும். துளசியின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய். கொதிக்கவிட்டால் நீராவியோடு போய்விடும். மூடியின் அடியில் திரண்ட துளிகளை மோந்து பாருங்கள், அந்த மணம்தான். அவற்றையும் பாத்திரத்திலேயே தட்டிவிடுங்கள்.

வடிகட்டி, குடிக்கிற சூட்டுக்கு வந்ததும் ஒரு டீஸ்பூன் தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய் வரலாம்.

அரை டம்ளர் வீதம் நாளுக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பின். வெறும் வயிற்றில் குடித்தால் பலருக்கு நெஞ்செரியும்.

அதிமதுரம் சேர்த்தால் கவனம்: அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சிக் கஷாயத்தைத் தொடர வேண்டாம்.

மூச்சுத்திணறல், மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், சளியில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.