பிக்கப் கேபினில் நிரந்தரமாக கேரியர் மாட்டும்போது செய்யக் கூடாத தவறுகள்

கேபின் கூரையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே முன்னிருந்து பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலான இடத்தில் காலி டப்பா மாதிரி சத்தம் வரும். சில இடங்களில் மட்டும் கெட்டியாகக் கேட்கும். டப்பா சத்தம் வருகிற இடத்தில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. கெட்டிச் சத்தத்துக்கு அடியில் குறுக்குப் பட்டையோ, கதவுக்கு மேலே ஓடும் பக்கச் சட்டமோ இருக்கும். கேரியரின் கால் அங்கேதான் உட்கார வேண்டும். பார்க்க எடுப்பாக இருக்கிறதே என்று வெறும் தகட்டில் ஓட்டை போட்டால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு காலைச் சுற்றித் தகடு குழியும், குழியில் மழைத் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீர் போல்ட் வழியாக உள்ளே இறங்கும். வேறு இடமே அமையவில்லை என்றால் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்காவது ஒரு பட்டைத் தகடு கொடுத்து நட் போடுங்கள். சின்ன வாஷர் அந்த வேலைக்குப் போதாது.

அதற்கும் முன்னால், ஓட்டையே தேவையா என்று பாருங்கள். சில வண்டிகளில் கம்பெனியே கூரையில் மரை விட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருக்கும். பழைய வண்டிகளில் கூரை ஓரமாகத் தண்ணீர்க் காடி இருக்கும்; அதைப் பிடித்து நிற்கும் கிளாம்ப் கால்கள் கிடைக்கின்றன.

ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் உள்கூரை லைனிங்கை இறக்காமல் ட்ரில்லைத் தொடாதீர்கள். விளக்கு ஒயர், ஆன்டெனா கேபிள், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய் எல்லாம் அந்த இடுக்கில்தான் ஓடுகின்றன. பக்கவாட்டில் திரை மாதிரி விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அது மடித்து வைக்கப்பட்டிருப்பதும் கதவுக்கு மேலே, நீங்கள் கெட்டி என்று தட்டிக் கண்டுபிடித்த அதே சட்டத்தின் ஓரத்தில். ஏர்பேக் வேலை தெரிந்த ஆளை வைத்துத்தான் அங்கே கை வைக்க வேண்டும்.

என் முதல் கேரியரில் ஓட்டையெல்லாம் கச்சிதமாக விழுந்தது. கூரையில் கிடந்த இரும்புத் தூளைக் கையால் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு மழை பெய்தது. மறுநாள் வெள்ளைக் கூரை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பெயின்ட்டில் ஒட்டியிருந்த ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் துருப்பிடித்திருந்தது. இப்போதெல்லாம் ஓட்டையைச் சுற்றி டேப் ஒட்டி, தூளை வாக்குவம் வைத்து இழுத்து, பிசிறைத் தேய்த்து, ஓட்டையின் விளிம்புக்கு பிரைமரும் பெயின்ட்டும் கொடுத்து, காயும் வரை காத்திருக்கிறேன். போல்ட் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது சிலிக்கான். பிதுக்கும்போது வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடுகிறது. தண்ணீரைத் தடுக்கப் பூசிய அதுவே அடியில் துருவைக் கிளப்பிவிடும். பாலியூரித்தேன் சீலன்ட்டோ பியூட்டில் டேப்போ போடுங்கள். அலுமினியக் காலுக்கும் இரும்புக் கூரைக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் கட்டாயம்; இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு வரும். லைனிங்கைத் திரும்ப மாட்டும் முன் ஒருவர் வெளியே ஹோஸில் தண்ணீர் அடிக்க, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

'நிரந்தரம்' என்ற சொல்லைக் கேட்டதும் வெல்டிங் மெஷினைத் தேடுகிறவர்களும் உண்டு. மெல்லிய தகடு சூட்டில் நெளியும், உள்பக்கத்துத் துருத்தடுப்புப் பூச்சு கருகும், லைனிங் தீப்பிடிக்கலாம். ஃபோர்டு எஃப்-150 மாதிரி 2015 மாடலிலிருந்து அலுமினிய பாடியாக மாறிய வண்டியில் இரும்புக் காலை வெல்ட் செய்யவே முடியாது. போல்ட் போட்டதும் நிரந்தரம்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நீளமான பொருள் வைக்க வசதி என்று கேபினையும் பின் தொட்டியையும் ஒரே கேரியரால் இறுக்கிப் பிணைப்பது. சேசிஸ் மேல் இரண்டும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கேபினுக்கு அடியில் ரப்பர் மவுன்ட் வேறு. மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது இரண்டும் வேறு வேறு பக்கம் அசையும். ஒரு டயரைக் கல்மேட்டில் ஏற்றி நிறுத்தி, நடுவிலிருக்கும் இடைவெளியைப் பார்த்தாலே கோணல் கண்ணுக்குத் தெரியும். அந்த அசைவைக் கேரியர் தடுத்தால் போல்ட்டைச் சுற்றிக் கூரைத் தகடு விரிசல் விடும். கேபினுக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று என்று தனியாகவே வையுங்கள்.

எடைக் கணக்கிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. வண்டிக் கையேட்டில் கூரைக்கு 75 கிலோ என்று போட்டிருந்து, கேரியரே 30 கிலோ இருந்தால், நீங்கள் ஏற்றக்கூடியது 45தான். வண்டி நிற்கும்போது நான்கு பேர் ஏறி நின்றாலும் கூரை தாங்கியதே என்பது கணக்கில் வராது. பிரேக், வளைவு, குழி எல்லாம் ஓடும்போதுதான் இழுக்கின்றன. காற்றும் அப்படியே: வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஒருமுறை பாருங்கள். கேஸ்கெட் அமுங்கியிருந்தால் சில போல்ட்டுகள் தளர்ந்திருக்கும். அப்படியே தரையிலிருந்து கேரியர் உச்சி வரை அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் வாசலில் போய் நிற்கும்போது வண்டியின் பழைய உயரம்தான் ஞாபகத்துக்கு வரும்.