குமரி மாவட்டத்தில் இருந்து வேலைக்குக் கிளம்புகிறீர்களா? எந்த ஊர் என்று முடிவு செய்யும் முறை

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சித்தி மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று சென்னை, மற்றது திருவனந்தபுரம். சென்னையில் சம்பளம் அதிகம், திருவனந்தபுரம் பக்கம். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லி அவளைக் குழப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக இருவரும் உட்கார்ந்தோம். அன்று செய்ததைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும்.

நம் மாவட்டத்தின் நிலைமை கொஞ்சம் வேறு. சொந்த மாநிலத்தின் தலைநகர் நமக்கு 700 கிலோமீட்டர் தள்ளி. பக்கத்து மாநிலத்தின் தலைநகரோ நாகர்கோவிலில் இருந்து 70 கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும் வரை நமக்கும் அதுதான் தலைநகர். அதனால் மதுரைக்காரரோ கோவைக்காரரோ சொல்லும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. அளவை நம் வீட்டு வாசலில் இருந்து தொடங்க வேண்டும்.

படி 1: ஊர் பெயரை விடுங்கள், அலுவலகம் எங்கே என்று கேளுங்கள்

ஹெச்ஆரிடம் மூன்று கேள்வி: அலுவலகம் எந்தப் பகுதியில்? வாரத்தில் எத்தனை நாள் நேரில் வரவேண்டும்? ஷிஃப்ட் எத்தனை மணிக்கு? "ஆபீஸ் எங்கேன்னு கேக்கவே தோணல்லக்கா" என்றாள் தங்கை. பலருக்கும் தோன்றுவதில்லை.

சென்னை என்றால் அம்பத்தூராகவும் இருக்கலாம், ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையின் கோடியில் சிறுசேரியாகவும் இருக்கலாம். தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஒரு பயணம் உண்டு. திருவனந்தபுரத்தில் ஐடி வேலை என்றால் பெரும்பாலும் கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க். அது 1990-ல் தொடங்கியது. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கிய பிறகும் வடக்கே போகவேண்டும். பெங்களூரில் ஒயிட்ஃபீல்ட் பக்கம் வேலை என்றால் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கிவிடலாம். எலக்ட்ரானிக் சிட்டி என்றால் ஓசூர் வழியாக வரும் பேருந்துதான் வசதி, ஊருக்குள் நுழையும் முன்பே இறங்கிக்கொள்ளலாம்.

படி 2: கையில் வரும் பணம்

சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்று வேலைக் கடிதத்தில் போட்டிருக்கும் தொகை கைக்கு வராது. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிப்பார்கள். நிறுவனம் தன் பங்காகப் போடும் தொகையையும், கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையையும் அந்தச் சிடிசிக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். "மாதம் என் அக்கவுண்டில் எவ்வளவு விழும்?" என்று நேராகக் கேட்டு வாங்குங்கள்.

தங்கையின் நோட்டில் இருந்த கணக்கு இது. சென்னையில் கைக்கு 41,000 ரூபாய். சாப்பாட்டோடு பிஜி (மாத வாடகைக்குத் தங்கும் விடுதி) 11,500, வெளிச் சாப்பாடு 3,000, தினப் போக்குவரத்து 2,500, ஊருக்கு வந்துபோக மாதத்துக்கு 2,000. செலவு 19,000 போக மிச்சம் 22,000. திருவனந்தபுரத்தில் கைக்கு 33,000. வீட்டிலிருந்தே போய் வரலாம். பயணத்துக்கு 2,500, மதியச் சாப்பாட்டுக்கு 2,500 போக மிச்சம் 28,000. குறைந்த சம்பளத்தில் 6,000 ரூபாய் கூடுதலாக நிற்கிறது. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் சம்பளத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

படி 3: அதே கணக்கை மணியில் போடுங்கள்

பலரும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். திருவனந்தபுரத்துக்குத் தினம் போய்வந்தால் என்று வைத்து, மார்த்தாண்டத்து வீட்டிலிருந்து ஆட்டோ, குழித்துறை ஸ்டேஷன், ரயில், இறங்கி மறுபடி ஒரு பேருந்து, அலுவலக வாசல் என்று ஒவ்வொன்றாக எழுதினோம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் போக இரண்டேகால் மணி, வர இரண்டேகால். ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம். 22 வேலை நாள் என்றால் 99 மணி நேரம். மாதத்தில் முழுதாக நான்கு நாள் ரயிலிலும் ரோட்டிலும் போய்விடும். அந்த எண்ணைக் கண்டதும் தங்கை பேனாவை வைத்துவிட்டாள். சீசன் டிக்கெட்டில் பல வருடமாகப் போய்வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் தெரிந்து ஏற்றுக்கொள்வது வேறு, சேர்ந்த பிறகு தெரியவருவது வேறு. அங்கேயே அறை எடுத்தால் என்ன ஆகும் என்றும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ராத்திரி போன் வந்தால்?

நான் பெங்களூரில் இருந்தபோது ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு அம்மாவிடமிருந்து போன். அப்பாவை நெஞ்சு வலி என்று நாகர்கோவிலில் சேர்த்திருந்தார்கள். அந்நேரத்துக்கு ஊருக்குப் பேருந்து இல்லை. ரயில் என்றால் அரை நாளுக்கு மேல். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஊரின் மறுகோடியில் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கு டாக்ஸி பிடித்து, காலை விமானத்தில் திருவனந்தபுரம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு கார். டிக்கெட் விலை என் ஒரு மாத வாடகையைத் தாண்டியது. நான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அப்பா பிழைத்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் நோட்டில் ஒவ்வொரு ஊருக்கும் நேராக இதை எழுதுங்கள்: இரவு பதினொன்றுக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் நிற்பேன், எவ்வளவு செலவாகும்? அதன் கீழேயே, நான் வரும்வரை வீட்டில் ஓடியாட யார் இருக்கிறார்கள்? பெற்றோர் தனியாக இருப்பவர்கள் இந்த வரிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

நல்ல நாளுக்கு வருவதையும் பாருங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரில் இருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கிறிஸ்மஸ், பொங்கல் நேரத்தில் நம் பக்கத்து வண்டிகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சென்னைக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத் ஓடுவதால் பகலில் ஏறக்குறைய 9 மணி நேரத்தில் போய்விடலாம், கட்டணம்தான் கூடுதல். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் ஓணத்துக்கும் இங்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சென்னை அலுவலகம் அதைக் கணக்கில் எடுக்காது. விடுமுறைப் பட்டியலை முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 5: மூன்று நாள் போய்த் தங்குங்கள்

ஞாயிறன்று போனால் எந்த ஊரும் அமைதியாகத்தான் இருக்கும். திங்கள் முதல் புதன் வரை தங்குங்கள். காலை எட்டரைக்கு, நீங்கள் தங்க நினைக்கும் தெருவிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போங்கள். மாலையில் அதே வழியில் திரும்புங்கள்.

குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் வளர்ந்த நமக்குத் தண்ணீர் ஒரு பிரச்சினையாகத் தோன்றாது. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களைக் கேளுங்கள். போர் தண்ணீரா, லாரியா, அதற்குத் தனிக் காசா என்று வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

படி 6: வீடும் அட்வான்ஸும்

தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும். ஆகவே படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பெங்களூரில் இன்னும் அதிகம் கேட்பவர்கள் உண்டு. முதல் ஆறு மாதம் பிஜி போதும் என்பேன்.

படி 7: இந்த வேலை போனால்?

அதே ஊரில் உங்கள் துறையில் வேறு எத்தனை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன என்று வேலை தளங்களில் ஒரு வாரம் பாருங்கள். ஐடி, ஆட்டோமொபைல் என்றால் சென்னையில் வாசல்கள் அதிகம். பம்பு, மோட்டார், நூற்பாலை என்றால் கோயம்புத்தூர். முதல் வேலையிலேயே யாரும் ஓய்வு பெறுவதில்லை. மலையாளமோ கன்னடமோ ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். நம் விளவங்கோட்டுக்காரர்களுக்கு மலையாளம் முன்பே தெரியும். பிள்ளைகள் இருந்தால் மட்டும் தமிழ்ப் பாடம் உண்டா என்று பள்ளியில் கேளுங்கள்.

எல்லாம் எழுதி முடித்தபோது நான் திருவனந்தபுரம் என்றுதான் நினைத்திருந்தேன். தங்கை சென்னை என்றாள். தம்பி வீட்டில் இருக்கிறான், சித்திக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மூன்றாம் வருடம் வேலை மாற வேண்டியிருக்கும், தினம் நாலரை மணி நேரம் தன்னால் முடியாது என்று காரணங்களை அவளே சொன்னாள். எல்லாம் அந்த நோட்டில் இருந்தவை. "மக்களே, நீ எங்க போனாலும் செரி, ராத்திரி போன் எடுத்தா போதும்" என்றார் சித்தி.

இப்போது பெருங்குடியில் பிஜியில் இருக்கிறாள். கிறிஸ்மஸுக்கு முன்பதிவு திறந்த அன்று காலை எட்டு மணிக்கே அனந்தபுரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்து எனக்குப் படம் அனுப்பினாள். இறங்கும் இடம் குழித்துறை, கீழ் பெர்த்.