யூ.எஸ்.பி. வழங்கியின் ஓட்டத்தை அளக்கும் சுற்று: ஒரு செய்முறை

நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட 2022 இன் பின், ரவுட்டரையும் சிறு விளக்கையும் யூ.எஸ்.பி. மின்வழங்கியில் இயக்குவது யாழ்ப்பாணத்து வீடுகளில் பழகிப்போன காரியம். அந்த வழங்கி உண்மையில் எவ்வளவு ஓட்டத்தைத் தருகிறது என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

ஓட்டம் செல்லும் வழியில் ஒரு சிறு தடையியை இட்டு, அதன் இரு முனைகளுக்கிடையே விழும் வோல்ற்றளவைக் கொண்டு ஓட்டத்தைக் கணிப்பதே இச்சுற்றின் முறை. அந்த அளவிடும் தடையியை நேர்க் கம்பியில் வையுங்கள். புவிக் கம்பியில் (ஓட்டம் திரும்பும் எதிர்க் கம்பியில்) வைத்தால் ஓட்டம் கூடக்கூடக் கருவியின் பூச்சிய மட்டம் உயரும். தரவுக் கம்பிகளும் அந்த மட்டத்தையே நம்பியிருப்பவை. அத்தோடு, வடத்தின் உலோக உறையூடாக ஓட்டத்தின் ஒரு பகுதி வேறு வழியாகத் திரும்பிவிட்டால் அளவீடு குறைவாகவே வரும்.

அந்த வோல்ற்றளவை அளந்து ஓட்டமாகச் சொல்லும் சில்லு ஐ.என்.ஏ.219. கடையில் கிடைக்கும் அதன் பலகைகளில் பெரும்பாலும் 0.1 ஓம் தடையி இருக்கும். டைப்-சி வழங்கியொன்று 3 அம்பியர் தரும்போது அதில் 0.3 வோல்ற்று இழக்கப்பட்டு, 0.9 வாற்று வெப்பமாகிறது. 5 வோல்ற்று 4.7 ஆகிவிடும். ஆகவே 20 மில்லியோம், 1 வீதத் துல்லியத் தடையியையும் அதே வகையைச் சேர்ந்த ஐ.என்.ஏ.226 சில்லையும் நான் பரிந்துரைக்கிறேன். இழப்பு 60 மில்லிவோல்ற்று மட்டுமே. சில்லின் உச்ச அளவு 81.92 மில்லிவோல்ற்று என்பதால் 4.096 அம்பியர் வரை அளக்கலாம். அளவீட்டின் மிகச் சிறிய படி 125 மைக்ரோ அம்பியர். அதற்குச் சில்லினுள் இருக்கும் அளவுதிருத்தப் பதிவேட்டில் (calibration register) 2048 என எழுதவேண்டும். சில்லுக்குத் தனியாக 3.3 வோல்ற்றுக் கொடுங்கள்.

இனிச் சொல்வதே இச்சுற்றின் உயிர்நாடி. எனது முதற் பலகையில், தடையியின் வோல்ற்றளவைச் சில்லுக்குக் கொண்டுசெல்லும் அளவுக் கம்பிகளைத் தடையியின் காலடியில் தொடுக்காமல், இரு பக்கமும் 5 மில்லிமீற்றர் தள்ளிச் செப்புத் தடத்திலே பற்றவைத்திருந்தேன். 2.5 மில்லிமீற்றர் அகலமும் 35 மைக்ரோமீற்றர் தடிப்பும் கொண்ட அந்தச் செப்பு மட்டும் ஏறத்தாழ 2 மில்லியோம். அது தடையியின் 20 மில்லியோமோடு சேர்ந்ததால் அரை அம்பியருக்கு 0.55 என்று காட்டியது. செப்பின் தடை பாகைக்கு ஏறத்தாழ 0.4 வீதம் உயர்வதால், நண்பகல் வெக்கையில் அந்தப் பிழையும் நகர்ந்துகொண்டேயிருக்கும். மென்பொருளில் ஒருமுறை திருத்தி அதை ஒழிக்க இயலாது. எனவே ஓட்டம் செல்லும் தடம் வேறு, அளவுத் தடம் வேறு என்று பிரித்து, அளவுத் தடங்களைத் தடையியின் பற்றுத் திட்டுகளின் உட்புற விளிம்பிலிருந்து எடுத்து, இரண்டையும் அருகருகே சில்லுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 10 ஓம் தடையியும், உள்ளீடுகளுக்கு இடையே 0.1 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியும் இட்டால் இரைச்சல் அடங்கும்.

சோதிக்கும்போது முதலில் சுமையின்றிப் பூச்சியத்தைப் பாருங்கள். பின் 10 ஓம், 5 வாற்றுத் தடையியைச் சுமையாக இட்டு, பன்மானியைத் தொடராக இணையுங்கள். பன்மானி 0.498 என்றும் சில்லு 0.510 என்றும் காட்டினால், 2048 ஐ அந்த விகிதத்தாற் பெருக்கி 2000 என எழுதுங்கள். ஒரு மணித்தியாலம் சூடேறியபின் மீண்டும் ஒப்பிடுங்கள். அளவு விலகியிருந்தால் பதிவேட்டைத் தொடாமல், அளவுத் தடம் தொடங்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள்.