மூச்சு இழுக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்

சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவி. அந்த வகுப்புக்கு வருகிறவர்களுக்குக் கையை எங்கே வைப்பது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடுகிறது. அதற்கு முந்தைய இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: இப்போது அழுத்த வேண்டுமா, வேண்டாமா?

திணறலை மூச்சென்று நம்புவது

இதயம் நின்ற உடனே எல்லோருக்கும் மூச்சு அடங்கிவிடாது. முதல் சில நிமிடங்கள் பலருக்கு வாய் திறந்து திறந்து மூடும். குறட்டை போலச் சத்தம் வரும். விட்டு விட்டு ஓர் இழுப்பு இழுக்கும். மூளைத்தண்டு கடைசியாகத் தத்தளிப்பது அது. அந்த இழுப்பால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே சரிந்தார். கை கால் வெட்டி இழுத்தன. வலிப்பு என்று யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். இன்னொருவர் முகத்தில் சோடா தெளித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நான் நெஞ்சில் கை வைத்தால், "இப்பதாங்க நல்லா மூச்சு விடறாரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று ஒருவர் தடுத்தார். தள்ளிவிட்டு அழுத்தினேன். சரிந்தவர் பிழைக்கவில்லை. அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்தச் சாவிக்கொத்துக்குப் போன நிமிடங்களை நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.

மூளைக்கு ரத்தம் போகாவிட்டால் உடல் சில விநாடிகள் வலிப்பு போல வெட்டும். இரும்பு நிஜ வலிப்பைக்கூட நிறுத்தாது. தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் நெஞ்சைப் பாருங்கள், 10 விநாடிக்கு மேல் வேண்டாம். சீராக ஏறி இறங்கவில்லையா, தொடங்குங்கள். சந்தேகமாக இருந்தாலும் தொடங்குங்கள். இதயம் ஓடுகிறவர் என்றால் பெரும்பாலும் முனகுவார், கையைத் தள்ளுவார், அப்போது நிறுத்திக்கொள்ளலாம். அழுத்தாமல் விடுவதுதான் ஆபத்து.

நாடி தேடுவது

தேடாதீர்கள். பதற்றத்தில் உங்கள் நாடியே உங்கள் விரலில் துடிக்கும்.

ஆட்டோவில் போட்டு ஓடுவது

பின்சீட்டில் மடங்கிக் கிடப்பவரின் நெஞ்சை யாராலும் அழுத்த முடியாது. தரையிலேயே மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒருவர் 108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடட்டும்.

பெண் என்று தயங்குவது

தயங்காதீர்கள்.

விலா எலும்பு முறியும் என்று மெல்ல அழுத்துவது

முறியலாம். முறிந்த எலும்பு கூடிவிடும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழமாவது இறங்க வேண்டும், 6-ஐத் தாண்ட வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. முழங்கை மடங்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், களைத்த கை தானாகவே ஆழத்தைக் குறைத்துவிடும்.

ஏஇடி வந்ததும் கையை எடுப்பது

ஏஇடி என்பது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி. ஒருவர் அதன் பட்டைகளை நெஞ்சில் ஒட்டும்போதும் மற்றவர் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விலகச் சொல்லிக் கருவி சொன்னால் மட்டும் விலகுங்கள். மின்னதிர்ச்சி கொடுத்ததும், கண் விழிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல், உடனே மறுபடி அழுத்துங்கள்.