இறுகிப்போன கைக்குச் சட்டை மாட்டுவது எப்படி?

டிமென்ஷியா (மறதிநோய்) முற்றிய அப்பாவுக்குச் சட்டை மாட்டக் கையைத் தூக்குகிறீர்கள். வரமாட்டேன் என்கிறது. இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறது. ‘வேண்டுமென்றே பண்ணுகிறார்’ என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அது வீம்பு இல்லை. பாராடோனியா என்று மருத்துவர்கள் சொல்லும் விறைப்பு. பிறர் அசைக்கும்போது தசையைத் தளர்த்திக்கொடுக்க மூளையால் முடிவதில்லை. பார்க்கின்சன் நோயில் (நடுக்குவாதம்) வரும் விறைப்பு எந்த வேகத்தில் அசைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இது அப்படியில்லை: வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும். அதனால் அவசரமாக இருக்கும் நாளில்தான் அதிக நேரம் பிடிக்கும்!

படி 1: எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "கையைத் தொடப்போறேன்பா" என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

படி 2: மேலிருந்து கவ்விப் பிடிக்காதீர்கள். உங்கள் ஒரு கை அவர் முழங்கைக்கு அடியிலும், மற்றது மணிக்கட்டுக்கு அடியிலும் தாங்கட்டும். எதிர்ப்பு தெரிந்ததும் அங்கேயே நில்லுங்கள். சில நொடிகளில் தசை லேசாக இளகுவது உங்கள் கைக்கே தெரியும். அப்புறம் நகர்த்துங்கள்.

படி 3: அதிகம் இறுகிய கைக்குத்தான் முதலில் சட்டை. சட்டைக்கையின் முனை வழியாக உங்கள் கையை உள்ளே விட்டு, அவர் கையை வாங்கிக்கொண்டு, துணியை மேலே ஏற்றுங்கள். கழற்றும்போது அந்தக் கை கடைசி.

படி 4: விரல்கள் மூடிக்கிடந்தால் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டாம். மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்குங்கள். விரல்களை மடக்கும் தசைநாண்கள் தளர்ந்து பிடி தானாக நெகிழும். பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியிலிருந்து விலக்குங்கள். உள்ளங்கையைத் துடைத்து, ஈரம் ஒற்றி, நகம் பதிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், மறந்தால் புண்ணாகிவிடும்.

முகம் சுளிப்பு, முனகல், மூச்சு வேகமாவது எல்லாம் வலியின் மொழி. உடனே நிறுத்துங்கள். மூட்டு நிரந்தரமாக மடங்கிவிடாமல் இருக்க எப்படிப் படுக்கவைப்பது, எங்கே தலையணை கொடுப்பது என்று பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் காட்டச் சொல்லுங்கள். வலிக்க வலிக்க நீட்டி மடக்கும் ‘பயிற்சி’ மட்டும் வேண்டாம்.

ஒரே நாளில் விறைப்பு திடீரென்று கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தொற்று, எலும்பு முறிவு, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். ஆவேசம், பிரமை போன்றவற்றுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளும் உடலை இறுக்கும்; லூயி பாடி டிமென்ஷியா என்ற வகை மறதிநோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் இன்னும் ஆபத்து. இந்த மருந்து எடுப்பவருக்கு விறைப்போடு காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.