‘இயற்கை அரிசி’ வாங்குமுன் அங்ககச் சான்றை எப்படிப் படிப்பது?

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கடைக்குப் போய் மாப்பிள்ளைச் சம்பாவோ கருப்புக் கவுனியோ கேட்டால், ‘இயற்கை’, ‘நாட்டு’, ‘பாரம்பரிய’ என்ற சொற்களில் ஒன்றாவது அச்சிடப்படாத பையை இன்று பார்ப்பது அரிது. இச்சொற்களில் எதுவும் தன்னளவில் சான்றாகாது. பாரம்பரிய ரகம் என்பது விதையைப் பற்றிய செய்தி. அந்த வயலுக்கு யூரியா இட்டார்களா, பூச்சிமருந்து அடித்தார்களா என்பதை அது சொல்வதில்லை. உயரமாக வளரும் இந்த ரகங்களுக்கு யூரியா கூடினால் பயிர் சாய்ந்துவிடும் என்பதால் குறைவாக இடுவார்கள் என்பது உண்மைதான், ஆனால் குறைவாக இட்டதை இடாததாகக் கொள்ள முடியாது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, மறைந்துகொண்டிருந்த ரகங்களை உழவர் கைக்குத் திரும்பக் கொடுத்தார். அந்த உழைப்பால் பிழைத்த பெயர்களை மட்டும் பையில் அச்சடித்து விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே முதலில் பையைத் திருப்பிப் பாருங்கள். ‘ஆர்கானிக்’ எனப்படும் அங்கக உணவுக்கான விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-இல் வெளியிட்டது. அவற்றின்படி அங்ககம் என்று சொல்லி விற்கப்படும் பொட்டலத்துக்கு இரண்டு முறைகளில் ஒன்றின் சான்று வேண்டும். ஒன்று, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபெடா நடத்தும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். இதில் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் வந்து பார்ப்பார். கோயம்புத்தூரில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை இத்திட்டத்தின் கீழ்தான் சான்று வழங்குகிறது. மற்றொன்று, மத்திய வேளாண் அமைச்சகத்தின் பிஜிஎஸ் எனப்படும் பங்கேற்பு உறுதியளிப்பு முறை. ஒரே பகுதியைச் சேர்ந்த குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதியளிப்பார்கள். 2017 விதிமுறைகளின்படி பையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அங்கக முத்திரையான ‘ஜைவிக் பாரத்’துடன் இவ்விரண்டில் ஒன்றின் முத்திரையும், ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஜிஎஸ் முத்திரையில் ‘கிரீன்’ என்றிருந்தால் அந்நிலம் இன்னும் அங்கக முறைக்கு மாறிவரும் காலத்தில் இருக்கிறது என்று பொருள். முழுச் சான்று பெற்றது ‘ஆர்கானிக்’ என்று குறிக்கப்படும்.

முத்திரை இருந்தால் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் நான்கு செய்திகள் முக்கியம்: யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பயிருக்கு, எத்தனை ஏக்கருக்கு, எந்தத் தேதி வரை. பெரும்பாலோர் தேதியைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பரப்பளவைத்தான் முதலில் பார்ப்பேன். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை இருபது கண்டது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 1,200 கிலோ நெல்தான்; அரைத்தால் ஏறத்தாழ 750 கிலோ அரிசி கிடைக்கும். ஐந்து ஏக்கருக்குச் சான்று வைத்திருப்பவர் ஒரு போகத்து மாப்பிள்ளைச் சம்பாவை நான்கு டன்னுக்கு மேல் விற்றால், மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

இனி, சான்று எதைச் சொல்கிறது என்பதைப் பார்ப்போம். அது ஒரு நிலம் எப்படிப் பயிரிடப்பட்டது என்பதற்கான சாட்சியம். ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், தென்னை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் தடைசெய்யப்பட்ட உரம், மருந்து போன்ற இடுபொருள் எதுவும் சேராமல் நிலம் பராமரிக்கப்பட வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. சத்து அதிகம், சுவை அதிகம், எதுவுமே தெளிக்கப்படவில்லை என்ற மூன்றில் எதையும் சான்று சொல்வதில்லை. வேப்பெண்ணெய், கந்தகம் போன்றவற்றுக்கு அங்கக முறையில் இடமுண்டு. செம்பு உப்புகளையும் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்தலாம். எச்சமே இல்லை என்றும் அது உறுதி கூறுவதில்லை. சாதாரண உணவுக்கு அனுமதிக்கப்பட்ட பூச்சிமருந்து எச்ச அளவில் 5 சதவீதம், அல்லது ஆய்வுக்கருவி அளந்து சொல்லக்கூடிய குறைந்தபட்ச அளவு, இவற்றில் எது அதிகமோ அதுவரை விதிமுறை ஏற்றுக்கொள்கிறது.

இந்தச் சிறு எச்ச அளவுக்கு ஏன் இடம் விடப்பட்டது என்பது காவிரி டெல்டாவில் வரப்பில் நின்று பார்த்தால் விளங்கும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து வந்து, பல ஊர்களில் கடைசியில் மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு மடைவழியாகவே பாய்கிறது. மேல்வயல்காரர் நேற்று குருணை மருந்து தூவியிருந்தால், கீழ்வயலில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுது, பஞ்சகவ்யம் தெளித்து, ஆட்டுக்கிடை போட்டுப் பாடுபடுபவரின் பயிருக்கும் அதில் ஒரு பங்கு வந்துசேரும். இதில் அவர் பிழை ஏதுமில்லை. எனவே விவசாயியிடம் ‘மருந்து அடிப்பீர்களா’ என்று கேட்பதைவிட, ‘உங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, மேல்வயல் யாருடையது, வரப்போரம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், அந்த ஓரத்து நெல்லைத் தனியாக அறுக்கிறீர்களா’ என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவர் இக்கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்வார். அவருக்கு இவை அன்றாடக் கவலைகள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் நிற்கும்போதே போய்ப் பாருங்கள், ஏனெனில் அறுவடைக்குப் பிந்தைய வயலில் பார்ப்பதற்கு அதிகமில்லை.

வயலுக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியவை ஆலையும் கிடங்கும். எல்லா நெல்லையும் அரைக்கும் ஆலையில் அங்கக நெல்லையும் அரைத்தால், முந்தைய அரவையின் மிச்சம் கலக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று விசாரியுங்கள். அரைத்துப் பொட்டலமிடும் இடமும் சான்றின் வரம்புக்குள் வர வேண்டும். கிடங்கில் வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு அங்கக முறையில் இடமில்லை. அரிசியில் வண்டு இருந்தால் மருந்து படாதது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. வண்டு இருப்பது சேமிப்பில் மருந்து வைக்கவில்லை என்பதையோ, வைத்து நாளாகிவிட்டது என்பதையோ காட்டலாம். வயலில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

சான்றே இல்லாத சிறு விவசாயியை ஒதுக்கிவிட வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு உற்பத்தியாளர் தம் விளைபொருளை நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது, சான்று பெறுவதிலிருந்து 2017 விதிமுறையே விலக்களிக்கிறது. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் அவர் பயன்படுத்தக் கூடாது. நான் சம்பா அரிசியும் உளுந்தும் இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் வாங்குகிறேன். அவருடைய இடுபொருள் குறிப்பேட்டை ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பார்ப்பேன்; அவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. கடைக்காரர் வேறொருவரிடம் வாங்கி விற்கும் பொருளுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

அரிசியில் மருந்து எச்சம் உண்டா என்று ஆய்வகத்தில் பார்க்கும் பரிசோதனைக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், ஒரே இடத்தில் வாங்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செய்வது நல்லது. ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு, பிரிக்காத பையையே தொகுதி எண் தெரியுமாறு அனுப்புங்கள். வரப்பில் அடிக்கப்படும் கிளைபோசேட் களைக்கொல்லி பல மருந்துகளை ஒருசேரத் தேடும் வழக்கமான பரிசோதனையில் அகப்படாது. அதற்குத் தனிமுறை உண்டு, தனியாகக் கேட்க வேண்டும். முடிவு வரம்பைத் தாண்டியிருந்தால் பை, ரசீது, ஆய்வறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் பையில் குறிப்பிடப்பட்டுள்ள சான்றளிப்பு அமைப்புக்கும் எழுத்து வடிவில் புகார் கொடுங்கள். அதற்கு முன் அந்த விவசாயிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மேல்வயலிலிருந்து வந்தது எது என்பதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.