பாட்டு எப்போது ஆரம்பிக்கும்? நீண்ட வாத்திய ராக் இசையைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மாமா பையன் மன்னார்குடியில் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் அவன் காதில் இயர்போனை மாட்டி, கனடாவின் மாண்ட்ரியால் நகரத்துக் குழுவான 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்' வாசித்ததைப் போட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் பொறுமையாக இருந்தான். மூன்றாவது நிமிடத்தில், "அத்தான், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றான். ஐந்தாவது நிமிடத்தில் விரலால் திரையைத் தள்ளி நடுப்பகுதிக்குத் தாவிவிட்டான். அங்கே டிரம்ஸ், கிட்டார், வயலின் எல்லாம் உச்சத்தில் இருந்தன. "தலைய வலிக்குது அத்தான்" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மாட்டிவிட்டது நான்தான். அன்றிலிருந்து யாருக்காவது இந்த இசையைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் எந்த இடத்தில் மனசு விலகுகிறது என்று கவனித்து வருகிறேன். அநேகமாக எல்லோரும் அதே நாலைந்து இடங்களில்தான் தவறுகிறார்கள்.

எந்த இசையைச் சொல்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்று ராக் குழுவின் வாத்தியங்கள்தான். கூடவே வயலின், செல்லோ, சில சமயம் முழு ஆர்கெஸ்ட்ரா. பாடகர் பெரும்பாலும் கிடையாது. ஒரு உருப்படி எட்டு நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் தாண்டியும் போகும். இதைப் 'போஸ்ட்-ராக்' என்பார்கள். சைமன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் 1994இல் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்தின் 'மோக்வாய்', ஐஸ்லாந்தின் 'சிகுர் ரோஸ்', ஜப்பானின் 'மோனோ', அமெரிக்காவில் டெக்சாஸின் 'எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை' எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, உச்சத்துக்குத் தாவுவது. யூடியூபில் எந்த இடம் அதிகம் பார்க்கப்பட்டது என்று ஒரு மேடு தெரியும். விரல் தானாக அங்கே போகும். போனால் கிடைப்பது சத்தம் மட்டும்தான்.

ஏன் என்று சொல்ல எனக்கு வாய்க்கால்தான் துணை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வரும். அங்கிருந்து வெண்ணாறு, அதிலிருந்து கிளை ஆறுகள், அப்புறம் வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து எங்கள் பக்கம் வந்து சேர இன்னும் நாளாகும். கடைமடைக்கு அதற்கும் மேல். சின்ன வயதில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டதும் வாய்க்கால் கரைக்கு ஓடுவோம். முதலில் ஒன்றும் இருக்காது. பாளம் பாளமாக வெடித்த தரை. அப்புறம் தூரத்தில் ஒரு சலசலப்பு, காய்ந்த இலை உரசுகிற மாதிரி. பிறகு நுரை. அழுக்கு நுரை, சருகு, குச்சி, எறும்புக் கூட்டம் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு ஒரு விரல்கடை உயரத்தில் தண்ணீர் ஊர்ந்து வரும். ஒவ்வொரு வெடிப்புக்கும் நின்று, அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். வெடிப்புக்குள்ளிருந்து காற்று குமிழ் குமிழாகக் கிளம்பி வரும் சத்தம் கேட்கும். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் முழங்கால் ஆழம். கரையில் நிற்கும் பெரியவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சிலர் கண் கலங்கியிருக்கும். ஆறு நிறைய ஓடும் ஆடி மாதத்தில் வந்து அதே வாய்க்காலைப் பார்க்கிறவருக்கு அது வெறும் தண்ணீர்தானே?

இந்த இசையும் அப்படித்தான் வேலை செய்கிறது. முதல் ஐந்து நிமிடம் ஒற்றைக் கிட்டார் மட்டும் சொட்டுச் சொட்டாக ஒலிப்பதை நாம் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த ஐந்து நிமிடத்தில் நம் காது ஒரு அமைதிக்குப் பழகுகிறது. பழகிய பிறகு ஒரு செல்லோ நுழைந்தாலே அது பெரிய சம்பவம். மூளையையே படம் பிடித்தும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இசை கேட்டு மெய்சிலிர்ப்பவர்களின் மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் எங்கே, எப்போது சுரக்கிறது என்று ஆராய்ந்தது. உச்சம் வந்த கணத்தில் ஒரு பகுதியில் சுரந்தது. அதற்கு முன்பே, உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலேயே, வேறொரு பகுதியில் சுரந்தது. அதாவது காத்திருப்பதே ஒரு தனி இன்பம். தாவிப் போகிறவர் அந்தப் பாதியை இழந்துவிடுகிறார், மீதிப் பாதியும் அவருக்குப் பிடிபடுவதில்லை.

அடுத்தது, குரலுக்காகக் காத்திருப்பது. நமக்குச் சினிமாப் பாட்டு பழகிப்போச்சு. நாலரை நிமிடம், பல்லவி, இரண்டு சரணம், நடுவில் இடையிசை. வரிகள்தான் பாட்டு, மற்றது அலங்காரம் என்ற எண்ணம் நமக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது நம் ஊரின் முழுப் பழக்கம் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) ஆகிய வாத்திய ஆல்பங்களைக் கேசட் தேயத் தேயக் கேட்டவர்கள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இன்றும் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் மல்லாரி இருக்கிறது. சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கும். சாகித்தியமே கிடையாது, ஒரு சொல் கிடையாது. நாகஸ்வரமும் தவிலும்தான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் இரவு ஒன்பது மணிக்கு மேல், தீவட்டி வெளிச்சத்தில், சுவாமி மண்டபத்தை விட்டு அசையும் அந்த நேரத்தில் தவில் ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குத் தாவும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும். பக்கத்தில் நிற்கும் அத்தைக்குத் தாளக் கணக்கு தெரியாது, ராகப் பெயரும் தெரியாது. கை தானாகக் கூப்பிக்கொள்ளும். 'பாட்டு எப்ப ஆரம்பிக்கும்' என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. சங்கீதம் தெரிந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: இதை ஆலாபனை மாதிரி கேட்பது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் மணிக்கணக்கில் போகும் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அங்கே ஒவ்வொரு பிடியிலும் ராகத்தின் புது முகம் ஒன்று தெரியும், அடுத்து எங்கே போவது என்பதை வித்வான் அந்த நிமிடத்தில் முடிவு செய்கிறார். அந்தக் காதோடு மோக்வாயின் 'மோக்வாய் ஃபியர் சேட்டன்' என்ற பதினாறு நிமிட உருப்படியைக் கேட்டால், 'என்னப்பா, வந்ததே வருது' என்றுதான் தோன்றும். கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, விரல்விட்டு எண்ணிவிடலாம். புது சங்கதி என்று எதுவும் வராது.

அங்கே மாறுவது வேறு. அதே கார்டு, ஆனால் சத்தத்தின் பருமன் மாறும். டிரம்ஸின் அடர்த்தி கூடும். கிட்டாரின் ஓசை தெளிவிலிருந்து கரகரப்புக்குப் போகும். திடீரென்று எல்லாம் அடங்கி, மூச்சுச் சத்தம் அளவுக்குச் சுருங்கும், அப்புறம் எதிர்பாராத கணத்தில் வெடிக்கும். 'அடுத்த சுரம் என்ன' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இப்போது புதிதாக யார் சேர்ந்தார்கள்' என்று கேளுங்கள். எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் கதவைத் திறந்துவிட்டது.

வயலினும் செல்லோவும் வந்தால் 'பிரம்மாண்டத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள்' என்று நினைப்பதும் சரியில்லை. தஞ்சாவூர் வீணையை நினைத்துப் பாருங்கள். மீட்டிய கணத்தில் நாதம் முழுசாக இருக்கிறது, அடுத்த கணமே தேய ஆரம்பிக்கிறது. நாகஸ்வரம் அப்படி இல்லை. மூச்சு இருக்கும்வரை சுரம் நிற்கும், நிற்கும்போதே பெருக்கவும் செய்யலாம். கிட்டார் வீணையின் சாதி, வில் போட்டு வாசிக்கும் வாத்தியங்கள் இந்த விஷயத்தில் நாகஸ்வரத்தின் சாதி. இந்த இசைக்குத் தேவை நின்று பெருகும் சுரம். அதனால்தான் கிட்டார்காரர்கள் ஒரே சுரத்தை நொடிக்குப் பல முறை அடித்து அதை நிற்க வைக்கப் பார்க்கிறார்கள், சிகுர் ரோஸின் யோன்சி கிட்டாரையே செல்லோ வில்லால் இழுத்து வாசிக்கிறார். மோனோ 2009இல் வெளியிட்ட 'ஹிம் டு தி இம்மார்ட்டல் விண்ட்' ஆல்பத்தில் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. அதில் கிட்டார் தேயும் இடத்தில் வயலின்கள் அந்தச் சுரத்தை வாங்கித் தாங்கிக்கொள்வதைக் கவனியுங்கள். தொண்டை அடைக்கும் இடம் பெரும்பாலும் அந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது.

கேட்கும் கருவி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. செல்போனின் சொந்த ஸ்பீக்கரில் போட்டுவிட்டு 'ஒன்றும் இல்லையே' என்பவர்கள் நிறைய. பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 41 அதிர்வு), செல்லோவின் கடைசிக் கம்பி 65 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் இவ்வளவு கீழே இறங்க முடியாது. அடித்தளமே இல்லாத கட்டடத்தைப் பார்ப்பதுபோல ஆகிவிடும். தஞ்சாவூர்–திருவாரூர் பேருந்தில் கேட்பதும் வீண்தான். ஏர் ஹாரனுக்கும் டிரைவர் போடும் பாட்டுக்கும் நடுவில் மெல்லிய பகுதி எல்லாம் காணாமல் போகும்.

ஒலி அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆரம்பம் மெதுவாக இருப்பதால் கையோடு சத்தத்தை ஏற்றிவிடுகிறோம். பத்தாவது நிமிடத்தில் அது காதைப் பிளக்கும். நான் செய்வது இது: முதலில் சத்தமான வேறொரு பாட்டைப் போட்டு, காதுக்கு இதமான அளவை வைத்துவிடுவேன். அப்புறம் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. ஆரம்பம் கேட்கவில்லை என்றால் மின்விசிறியை நிறுத்துவேனே தவிர ஒலியை ஏற்ற மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது, 90 டெசிபல் ஆனால் 4 மணி நேரம்தான். இதோடு ஆப்பில் ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளும் வேண்டாம். காட்ஸ்பீடின் 2000ஆம் ஆண்டு இரட்டை ஆல்பத்தில் நான்கே நான்கு உருப்படிகள், மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

தலைப்பை வைத்துக் கதை தேடுவது இன்னொரு பழக்கம். சிகுர் ரோஸின் 2002 ஆல்பத்துக்கு இரண்டு அடைப்புக்குறிகள்தான் பெயர். உள்ளே எந்தப் பாட்டுக்கும் பெயர் வைக்கவில்லை. குரல் வருகிறது, ஆனால் எந்த மொழியும் இல்லை, ஓசைகள் மட்டும். கூட வரும் சிறு புத்தகத்தில் வெற்றுப் பக்கங்கள்தான். நாம் என்ன கேட்டோமோ அதை நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் 'சோகம்' என்று முத்திரை குத்துவதும் அவசரம். மெதுவாக இருந்தால் சோகம் என்பது சினிமா நமக்குக் கற்றுத் தந்தது. எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை 2003இல் கொண்டுவந்த ஆல்பத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், 'பூமி ஒன்றும் உறைந்து செத்துப்போன இடம் இல்லை' என்று வரும். ஐந்தே உருப்படிகள், முக்கால் மணி நேரம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் இப்போது முதலில் கொடுப்பது இதைத்தான். கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். துக்கத்தில் வந்த அழுகையாக அது தெரியவில்லை, ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்தவர் வாசலில் அழுவாரே, அந்த மாதிரி இருந்தது.

நம்மைப் போல இதை அடுத்தவருக்குச் சொல்கிறவர்கள் செய்யும் தவறையும் சொல்லிவிட வேண்டும். 'இதைக் கேளு, கட்டாயம் அழுதுடுவ' என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். அப்புறம் அவர் கேட்க மாட்டார், தனக்கு அழுகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்க்கவும் கூடாது.

மறு வருடம் ஜூன் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, அதே மாமா பையனோடு இருட்டும் நேரத்தில் மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை நல்ல ஹெட்போன். அந்த 2003 ஆல்பத்தின் கடைசி உருப்படி. 'எட்டு நிமிஷம், கை வைக்காதே' என்று மட்டும் சொன்னேன். போனை என் பையில் வைத்துக்கொண்டு எழுந்து சற்றுத் தள்ளிப் போய்விட்டேன். முடிந்ததும் ஆப் தானாக வேறொன்றைப் போடும் வசதியை முன்பே அணைத்திருந்தேன். அது முக்கியம். காட்ஸ்பீடின் முதல் இசைத்தட்டில், 1997இல் வந்தது, இரண்டாம் பக்கத்தின் கடைசிக் கோடு வட்டமாகப் பூட்டிக்கொள்ளும். யாராவது எழுந்து போய் முள்ளைத் தூக்கும்வரை அந்தக் கடைசி ஓசை சுற்றிக்கொண்டே இருக்கும். முடிவைக் கேட்பவர் கையில் விட்டிருக்கிறார்கள்.

பத்து நிமிடத்துக்கு மேலாகியும் அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. பாட்டு முடிந்திருக்கும் என்று தெரிந்து பக்கத்தில் போனேன். தவளைச் சத்தம், மதகில் விழும் தண்ணீர், எங்கோ ஒரு பம்புசெட். "முடிஞ்சிடுச்சாடா?" என்றேன். "முடிஞ்சிடுச்சு அத்தான். இப்ப வேற எதுவும் போடாதீங்க" என்றான்.